காளானும் மார்புப் புற்றுநோயும்: எது மருந்து, எது பேச்சு?

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் மார்புப் புற்றுநோயைப் பற்றி நான் பேசி முடித்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். "ஏம்மா, புத்துல மொளைக்கிற காளானைத் தின்னா புத்துநோய் போயிடும்னு சொல்றாங்களே, நெசந்தானா?" என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி வந்தது. வயது நாற்பத்திரண்டு. பெயர் வேண்டாம். பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் ஊசி மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், மார்பைக் காப்பாற்றலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாந்தி, அசதி. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் வீட்டுக்கே வந்து, மேலே காளான் படம் போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். மாதம் ஐயாயிரம் ரூபாய். "இங்கிலீஷ் மருந்து முடியைக் கொட்ட வைக்கும், இது இயற்கை, ஒண்ணும் செய்யாது" என்றாராம்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். 'காளான்தானே, சத்துமாவு மாதிரி, குடித்தால் என்ன கெட்டுப்போகிறது' என்று நினைத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். "ஊசிக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்ற ஒரே ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அவர் ஊசியை நிறுத்தி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் கேட்காததால் இன்னும் மூன்று மாதம் போயிற்று.

இந்த வேலையில் முப்பது வருஷம் இருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்தது இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை. ஆகவேதான் காளான், பூஞ்சை, புற்றுநோய் மூன்றையும் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வந்திருக்கிறேன். இதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

பூஞ்சை என்றால் என்ன?

மழை விட்ட மறுநாள் வரப்பில் முளைக்கிற காளான் ஒரு பூஞ்சை. நாலு நாள் வைத்த ரொட்டியில் படிகிற பச்சைப் பூசணம் ஒரு பூஞ்சை. தோலில் வட்டமாகப் பரவி அரிக்கிற படர்தாமரையும் பூஞ்சைதான். கள்ளைப் புளிக்க வைப்பதும், பன் மாவைப் பொங்க வைப்பதும் ஈஸ்ட் என்ற, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை.

பூஞ்சைக்கு வேர் இல்லை, பச்சையம் இல்லை. அது தன் உணவைத் தானே சமைக்க முடியாது. மண்ணிலும் மரத்திலும் மற்ற கிருமிகளோடு போட்டி போட்டுத்தான் பிழைக்க வேண்டும். அந்தப் போட்டிக்காகவே பல ரசாயனங்களைச் சுரக்கிறது. அவற்றில் சில விஷம், சில மருந்து. பல நேரங்களில் அளவுதான் வித்தியாசம்.

1928-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்ற டாக்டர், தம் கிருமித் தட்டில் தற்செயலாக விழுந்து வளர்ந்த ஒரு பூசணத்தைச் சுற்றிக் கிருமிகள் செத்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் பென்சிலின். உங்களில் சிலர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுவீர்கள். ஸ்டாட்டின் என்ற அந்த வகை மருந்தும் முதலில் பூஞ்சையிலிருந்து கிடைத்ததே. ஆகவே, "பூஞ்சையிலிருந்து மருந்து வருமா?" என்று கேட்டால், வரும். வந்திருக்கிறது. ஆனால் ரொட்டிப் பூசணத்தைத் தின்றவர் எவருக்கும் நிமோனியா குணமானதில்லை. பூசணத்திலிருந்து மருந்தைப் பிரித்து, சுத்தம் செய்து, அளவு கண்டு, சோதித்த பிறகே அது மருந்து ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்பு ஊசி எங்கிருந்து வந்தது?

மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று டாக்சோரூபிசின். பார்க்கச் சிவப்பாக இருக்கும். நம் சகோதரி பாதியில் நிறுத்திய ஊசி இதுதான். இந்த மருந்து வந்த வழி என்ன தெரியுமா? இத்தாலி நாட்டில் கேஸ்டல் டெல் மாண்டே என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில், சிவப்பு நிறப் பொருளைச் சுரக்கும் ஒரு கிருமி கிடைத்தது. அதன் வழியில் வந்த மருந்து இது. அந்தக் கிருமி பூஞ்சையைப் போலவே இழை இழையாக வளரும். முன்காலத்தில் இந்த இனத்தைப் பூஞ்சை என்றே எண்ணினார்கள். பிற்பாடுதான் அது பாக்டீரியா இனம் என்று முடிவு கட்டினார்கள்.

பாருங்கள், "இயற்கை மருந்து வேண்டும்" என்று சொல்லி நம் சகோதரி எதை நிறுத்தினாரோ, அது மண்ணில் பிறந்த மருந்து! இயற்கையில் பிறந்ததை மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாளைக்கு ஒரு முறை கொடுக்கலாம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியில் வந்த பொடிக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

மரப்பட்டையும் ஒரு பூஞ்சையும்

இன்னொரு மருந்தின் பெயர் பாக்லிடாக்சல். டாக்சால் என்றும் சொல்வார்கள். 1962-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காட்டில் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். மன்ரோ வால் என்பவரும், நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் சேர்ந்து அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார்.

அதை எளிதாகச் சொல்கிறேன். வீடு கட்டும்போது சாரம் கட்டுவோம் அல்லவா? வேலை முடிந்ததும் பிரித்துவிடுவோம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே நுண்ணிய குழாய்களால் ஒரு சாரம் கட்டும், பிறகு கலைக்கும். டாக்சால் அந்தச் சாரத்தைக் கலைக்க விடாது. செல் பிரிய முடியாமல் சிக்கிக்கொண்டு செத்துப்போகும். வேகமாகப் பிரியும் புற்றுச் செல்லுக்கு இந்த அடி அதிகம். முடி வேரில் உள்ள செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோருக்கு முடி திரும்ப வளர்ந்துவிடும்.

இந்த மருந்து 1992-இல் கருப்பைப் பக்கத்திலுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994-இல் மார்புப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஒரு சங்கடம். யூ மரம் மிக மெதுவாக வளரும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு கிலோ மருந்துக்கு ஆயிரக்கணக்கான மரங்களை உரிக்க வேண்டும். எத்தனை காடு தாங்கும்?

அப்போதுதான் 1993-இல் ஒரு செய்தி வந்தது. மாண்டானா மாநிலத்தில் ஆண்ட்ரியா ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபெல் முதலானோர், யூ மரப்பட்டைக்குள் வாழும் ஒரு சிறு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சையைத் தனியாக வளர்த்தபோது அதுவும் டாக்சாலைச் சுரப்பதாகத் தெரிவித்தார்கள். டாக்சோமைசிஸ் ஆண்ட்ரியானே என்று ஆண்ட்ரியாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். "இனி மரத்தை வெட்ட வேண்டாம், தொட்டியில் பூஞ்சை வளர்த்தால் போதும்" என்று உலகமே மகிழ்ந்தது.

நடந்தது என்ன? அந்தப் பூஞ்சையிலிருந்து ஒரு லிட்டருக்குக் கிடைத்தது 50 நானோகிராம் அளவுதான். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு பெண்ணுக்கு ஒரு தடவை கொடுக்கும் மருந்து சுமார் 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 50 லட்சம் லிட்டர் பூஞ்சைச் சாறு வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நானூறுக்கும் மேல் நிற்க வேண்டும். ஒரே ஒரு ஊசிக்கு! அன்றியும், 2013-இல் வேறொரு ஆய்வுக் குழுவினர் அதே பூஞ்சையை ஆராய்ந்து, அது தானாக டாக்சால் தயாரிப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள்.

அப்படியானால் இப்போது மருந்து எங்கிருந்து வருகிறது? யூ மரத்தின் இலைகளிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, தொழிற்சாலையில் மருந்தாக மாற்றுகிறார்கள். இலை மறுபடியும் துளிர்க்கும், மரம் பிழைக்கும். யூ மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்த்தும் எடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. பூஞ்சை வழி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நம்பிக்கை வேறு, கைக்கு வந்த மருந்து வேறு.

ஈஸ்ட் காட்டிய வழி

பூஞ்சை மருந்தைத் தராவிட்டாலும் பாடத்தைத் தந்தது. ஈஸ்டும் ஒரு செல், நம் உடம்பும் செல்களால் ஆனது. ஒரு செல் எப்போது பிரிய வேண்டும் என்று கட்டளையிடுவது எது? இதை ஈஸ்டில் தேடிக் கண்டவர்கள் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோர். 1987-இல் லண்டனில் மெலனி லீயும் பால் நர்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். பிரியும் கட்டளை பழுதான ஈஸ்டுக்குள், மனிதனிடமிருந்து எடுத்த அதே வேலைக்கான மரபணுவை வைத்தார்கள். ஈஸ்ட் மறுபடியும் பிரிய ஆரம்பித்தது! கள்ளில் வாழும் பூஞ்சைக்கும் நமக்கும் அடிப்படையில் ஒரே பூட்டு, ஒரே சாவி என்பது தெரிந்தது. ஹார்ட்வெல், நர்ஸ், டிம் ஹண்ட் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்தக் கட்டளை வரிசையைப் புரிந்துகொண்டதால்தான், அதைத் தடுக்கும் மாத்திரைகளைச் செய்ய முடிந்தது. பால்போசிக்லிப் என்ற மாத்திரை 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோனால் வளரும் வகை மார்புப் புற்றுநோய் உடம்பில் பரவிய நிலையில், ஹார்மோன் மருந்தோடு சேர்த்து இதைக் கொடுக்கிறார்கள்.

கடையில் விற்கும் காளான் பொடி?

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். புற்றில் முளைத்ததால் காளான் புற்றுநோய்க்கு மருந்து ஆகிவிடாது. பெயர் ஒற்றுமை பெயரோடு சரி.

வான்கோழி வால் போல வரி வரியாக மரத்தில் ஒட்டி வளரும் ஒரு காளான் உண்டு. அதிலிருந்து எடுத்த ஒரு பொருளுக்கு ஜப்பான் 1977-இல் அனுமதி கொடுத்தது. புற்றுநோய்ச் சிகிச்சையோடு கூடுதலாகக் கொடுக்கத்தான் அது பயன்பட்டது. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. அதே காளானை அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்ப் பெண்களிடம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்கள் 11 பேர், முடித்தவர்கள் 9 பேர். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பிறகு ஆறு வாரம் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 9 கிராம் வரை உடம்பு தாங்கியது என்பதுதான் முடிவு. "நோய் குணமானது" என்று அவர்கள் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் அதுவல்ல.

ரெய்ஷி என்ற சிவப்புக் காளானைப் பற்றிய ஐந்து சோதனைகளை, மொத்தம் 373 நோயாளிகள், காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு சேர்த்துப் பார்த்தது. முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. மேலும் ரெய்ஷிப் பொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. ஆகவே "ஒண்ணும் செய்யாது" என்பதும் சரியல்ல.

கண்ணாடித் தட்டில் புற்றுச் செல் செத்தது, எலிக்கு நோய் குறைந்தது என்றெல்லாம் பேப்பரில் செய்தி வரும். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் விதை முளைத்ததை வைத்து நெல் களத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லுவோமா? பூச்சி, மழை, வறட்சி எல்லாம் தாண்ட வேண்டும். மருந்தும் அப்படித்தான். தட்டு, எலி, சில மனிதர்கள், பல மனிதர்கள் என்று படிப்படியாகத் தாண்டிவர வேண்டும். பாதி வழியில் நின்றுபோனவையே அதிகம்.

தோட்டத்தில் வளர்த்த சிப்பிக் காளானை நன்றாக வேகவைத்துக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். நல்ல உணவு. காட்டில் முளைத்த, அடையாளம் தெரியாத காளானைத் தொடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசணம் பிடித்த நிலக்கடலையை, சோளத்தைத் தேய்த்துக் காயவைத்துச் சாப்பிடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அந்தப் பூசணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுவதும் போகாது.

உங்கள் கையில் இருப்பது

மார்புப் புற்றுநோய்தான் இன்று இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய். 2022-இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலகக் கணக்கு சொல்கிறது. இத்தனை பேர் இறப்பதற்கு ஒரு பெரிய காரணம், நாம் தாமதமாக வருவதுதான்.

மும்பையில் 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் கவனித்து 2021-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பாதிப் பேரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் சோதித்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரே இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்புப் புற்றுநோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மாதம் ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி செய்யாததை ஒரு நர்ஸம்மாவின் கை செய்தது!

ஆகவே, தாய்மார்களே:

1. முப்பது வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். காசு இல்லை.

2. உங்கள் மார்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். வலியில்லாத கட்டி, அக்குளில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிதல், ஆறாத புண் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே வாருங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் பார்த்தால்தானே தெரியும்?

3. ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவும் என்பது வீண் பயம்.

4. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வாந்தி, அசதி, பயம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

5. காளான் பொடியோ, கஷாயமோ, வேறு எதுவோ சாப்பிட்டால் அதை ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

6. செலவுக்குப் பயந்து வீட்டில் இருக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் உண்டு. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்காகப் பணம் செலவு செய்ய நினைப்பது நல்ல மனசுதான். ஆனால் பெட்டி வாங்கிக் கொடுப்பதைவிட, ஊசி போடும் நாளன்று கூட பஸ் ஏறி வாருங்கள். அதுதான் பெரிய மருந்து.

கடைசியாக, அந்தச் சகோதரி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாலு மாதம் கழித்து, கட்டி பெரிதாகி, தோல் சிவந்த பிறகு வந்தார். மறுபடியும் சிவப்பு ஊசி, பிறகு டாக்சால். மார்பைக் காப்பாற்ற முடியவில்லை. முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. கை வீக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறார், முறையாகப் பரிசோதனைக்குப் போய்வருகிறார். ஒருநாள் என்னிடம், "நீங்க அன்னைக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தீங்களே அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாசலைத் தாண்டுவதில்லை. இதைப் படிக்கும் நீங்களும் கேளுங்கள். உங்கள் தெருவில், உங்கள் குழுவில், உங்கள் சொந்தத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும்போது கேளுங்கள்: "அடுத்த ஊசி என்னைக்கு? நான் கூட வரட்டுமா?"